கண்புரை ஆபரேஷனுக்கு மூணு லென்ஸ், மூணு விலை... எதை எடுப்பீங்க? - 'எச்.டி.ஏ' கத்துக்க ஒரு ஸ்டார்ட்டர் கைடு!

அம்மாச்சிக்கு வலது கண்ணில் புரை. ஆபரேஷனுக்குத் தேதி குறிச்சாச்சு. பணம் கட்டுற கவுன்ட்டரில் இருந்த அக்கா, லேமினேட் பண்ணின ஓர் அட்டையை எங்க முன்னாடி தள்ளினாங்க. அதில் மூணு லென்ஸ், மூணு விலை. 18,000, 34,000, 70,000. "எதும்மா போட்டுக்கட்டும்?" என்று கேட்டார், தோசைக்கு நெய்யா எண்ணெயா என்று கேட்கிற மாதிரி.

"மூணுக்கும் என்னம்மா வித்தியாசம்?" - இது அம்மா.

"காஸ்ட்லியானது நல்லா இருக்கும்மா. இம்போர்ட்டடு."

அவ்வளவுதான் பதில். மாமா சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்துக்கிட்டார். அத்தையோட சங்கிலி அடகுக் கடைக்குப் போய் ரெண்டு நாள்தான் ஆகியிருந்தது. எங்களுக்குப் பின்னாடி வரிசையில் பத்துப் பேர். என்ன பண்ணோம் தெரியுமா? நடுவுல இருந்ததை எடுத்தோம். மலிவானதை எடுத்தா அம்மாச்சிக்குக் குறை வெச்ச மாதிரி ஆயிடும், 70,000-க்கு வழியில்லை. ஜவுளிக்கடையில் சேலை எடுக்கிற அதே லாஜிக்!

அன்னிக்கு ராத்திரி ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து போனில் தேட ஆரம்பிச்சேன். 'இந்த லென்ஸுக்கும் அந்த லென்ஸுக்கும் 16,000 ரூபாய் வித்தியாசத்துக்கு உண்மையிலேயே என்ன கிடைக்குது?' இதுதான் என் கேள்வி. இந்தக் கேள்வியைக் கேட்பதற்கென்றே ஒரு துறை இருக்கு, அதுக்குப் படிப்பு இருக்கு, வேலை இருக்கு, நம்ம சென்னையிலேயே அதுக்கு ஒரு மையம் இருக்கு என்பதெல்லாம் அப்போதான் தெரிய வந்தது. அதன் பெயர் ஹெல்த் டெக்னாலஜி அசெஸ்மென்ட். சுருக்கமாக எச்.டி.ஏ. தமிழில் சொன்னால், மருத்துவத் தொழில்நுட்ப மதிப்பீடு.

மூணு மாசமா இதையே மேய்ஞ்சுக்கிட்டு இருக்கேன். நான் டாக்டர் இல்லை. ஜர்னலிசம் டிப்ளமா. கணக்கு பீரியடில் ஜன்னலுக்கு வெளியே பார்த்த ஆள். எனக்கே புரிஞ்சதுன்னா உங்களுக்கும் புரியும்!

டெக்னாலஜின்னா ரோபோ இல்லை!

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்குவோம். இங்கே 'டெக்னாலஜி' என்றால் ஸ்கேன் மெஷினும் ரோபோ சர்ஜரியும் மட்டும் இல்லை. மாத்திரை, தடுப்பூசி, ஊசி சிரிஞ்ச், ரத்தப் பரிசோதனை, ஆபரேஷன் செய்யும் முறை, வீடு தேடி வந்து பி.பி பார்க்கிற திட்டம் எல்லாமே இதில் அடக்கம். புதுசா ஒண்ணு வரும்போது நாலஞ்சு கேள்வி கேட்கணும். இது வேலை செய்யுதா? இப்போ இருக்கிறதைவிட எவ்வளவு கூடுதலா வேலை செய்யுது? பாதுகாப்பானதா? கூடுதலா எவ்வளவு செலவு? இதனால் யாருக்கு லாபம், யார் விடுபட்டுப் போறாங்க? இதற்கான ஆதாரங்களை ஒழுங்கா திரட்டி, அரசோ இன்ஷூரன்ஸ் திட்டமோ முடிவெடுக்க உதவுவதுதான் எச்.டி.ஏ.

'டாக்டர் சொன்னா போதாதா?' என்று நீங்க கேட்கலாம். டாக்டர் முன்னாடி உட்கார்ந்திருப்பது ஒரு நோயாளி. அரசாங்கத்துக்கு முன்னாடி இருப்பது கோடிக்கணக்கான பேர், ஒரே ஒரு பர்ஸ். ஒருத்தருக்குக் கொடுக்கிற விலை உயர்ந்த ஊசியின் காசில் இன்னொரு ஊரில் எத்தனை குழந்தைகளுக்குத் தடுப்பூசி போட்டிருக்கலாம் என்று யாராவது யோசிச்சுத்தானே ஆகணும்? சங்கடமான வேலைதான். ஆனா, யாரும் உட்கார்ந்து யோசிக்காட்டியும் அந்த முடிவு எப்படியோ எடுக்கப்பட்டுக்கிட்டேதான் இருக்கு. எங்க குடும்பம் கவுன்ட்டரில் எடுத்த மாதிரி.

அமெரிக்காவில் 1972-லேயே நாடாளுமன்றத்துக்கு ஆலோசனை சொல்ல ஒரு தொழில்நுட்ப மதிப்பீட்டு அலுவலகம் தொடங்கினாங்க. அப்போ புதுசா வந்திருந்த சி.டி ஸ்கேனை வாங்க ஆஸ்பத்திரிகள் போட்டி போட்டுக்கிட்டிருந்த நேரம். 1978-ல் அதைப் பற்றி ஓர் அறிக்கை போட்டாங்க. அந்த அலுவலகத்தை 1995-ல் மூடிட்டாங்க என்பது தனிக்கதை. அதற்குள் இந்த யோசனை ஐரோப்பாவுக்குப் பரவிடுச்சு. 2014-ல் உலக சுகாதார சபையே, 'எல்லா நாடுகளும் இதற்கான திறனை வளர்த்துக்கணும்' என்று தீர்மானம் போட்டது.

மெட்ராஸ் அப்பவே செஞ்ச வேலை

எனக்கு இந்தத் துறை மேல் மரியாதை வந்தது லண்டன் கதையைப் படிச்சு இல்லை. சேத்துப்பட்டு கதையைப் படிச்சு!

1950-கள். காசநோய் வந்தால் சானடோரியத்தில் மாசக்கணக்கில் படுக்கணும், நல்ல சாப்பாடு, நல்ல காத்து, முழு ஓய்வு... இதுதான் உலகம் முழுக்க நம்பினது. ஆனா, இந்தியாவில் இருந்த நோயாளிகள் எண்ணிக்கைக்கு அத்தனை கட்டிலுக்கு எங்கே போறது? 1956-ல் மெட்ராஸில் ஒரு காசநோய் ஆய்வு மையம் தொடங்கினாங்க. நகரத்து ஏழை நோயாளிகளை இரண்டு குழுவாகப் பிரிச்சாங்க. ஒரு குழு சானடோரியத்தில். இன்னொரு குழு அவங்கவங்க நெருக்கடியான வீட்டிலேயே, அதே மாத்திரைகளோட. ஒரு வருஷ சிகிச்சைக்கு அப்புறம் பார்த்தா, வீட்டில் இருந்தவங்களும் கிட்டத்தட்ட அதே அளவுக்குக் குணமாகியிருந்தாங்க. கூட இருந்த குடும்பத்தினருக்கும் அதனால் நோய் அதிகமா பரவலை. 1959-ல் இந்த முடிவு வெளியானது. சானடோரியம் என்ற ஏற்பாடே உலகம் முழுக்க மெல்ல மெல்லக் காலியானதற்கு இந்த மெட்ராஸ் ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

அப்போ 'எச்.டி.ஏ' என்ற பெயரே கிடையாது. ஆனா, கேள்வி அதேதான். கூடுதல் செலவுக்குக் கூடுதல் பலன் இருக்கா? அந்த மையம்தான் இன்னிக்கு ஐ.சி.எம்.ஆர் தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். இந்தியாவின் எச்.டி.ஏ ஆய்வுகளைச் செய்கிற மையங்களில் அதுவும் ஒண்ணு. எக்மோர் பக்கம் பஸ்ஸில் போகும்போது அந்தப் போர்டைப் பார்த்திருப்பீங்க. நானும் பல தடவை பார்த்திருக்கேன், என்னன்னு யோசிச்சதே இல்லை.

'குவாலி' தெரிஞ்சா பாதி கிணறு தாண்டியாச்சு

எச்.டி.ஏ பற்றி எதைப் படிக்க ஆரம்பிச்சாலும் இரண்டாவது பக்கத்தில் ஒரு வார்த்தை வந்து வழிமறிக்கும். குவாலி. 'வாழ்க்கைத் தரத்தைச் சேர்த்துக் கணக்கிட்ட ஓர் ஆண்டு' என்று அர்த்தம். இங்கேதான் நிறைய பேர் டேப்பை மூடிட்டு ரீல்ஸுக்குப் போயிடுறாங்க. அதனால இதைக் கொஞ்சம் நிதானமா பார்ப்போம்.

முழு ஆரோக்கியத்தோட ஒரு வருஷம் வாழ்ந்தால் அது 1. இறப்பு 0. மூட்டு வலியால் மாடிப்படி ஏற முடியாம, ராத்திரி தூக்கமில்லாம ஒரு வருஷம் போனால் அது, ஒரு பேச்சுக்கு, 0.6. அந்த நிலைமையில் 10 வருஷம் வாழ்ந்தால் 6 குவாலி. ஒரு சிகிச்சை அதை 0.8 ஆக்கினால் அதே 10 வருஷம் 8 குவாலி. ஆயுள் ஒரு நாள்கூட கூடலை, ஆனா 2 குவாலி லாபம்.

'0.6-ன்னு யார் முடிவு பண்றது?' - சரியான கேள்வி. மக்களைத்தான் கேட்கிறாங்க. நடமாட்டம், தன் வேலையைத் தானே செய்வது, அன்றாட வேலைகள், வலி, மனக்கவலை என்று அஞ்சு விஷயங்களை வெச்சு 'இ.க்யூ-5டி' என்று ஒரு கேள்வித்தாள் இருக்கு. 'இந்த நிலைமையில் 10 வருஷம் வாழ்வீங்களா, இல்லை முழு ஆரோக்கியத்தோட 7 வருஷம் போதுமா?' என்ற மாதிரி மாத்தி மாத்திக் கேட்டு மதிப்பைக் கண்டுபிடிப்பாங்க. ரொம்ப நாளா நம்ம ஆய்வாளர்கள் வெளிநாட்டுக்காரங்க சொன்ன பதிலைத்தான் கடன் வாங்கிப் பயன்படுத்தினாங்க. இந்தியாவில் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவங்களை நேரில் சந்திச்சுக் கேட்டு, நமக்கென்று தனி மதிப்புப் பட்டியல் 2022-ல்தான் வந்தது. சம்மணம் போட்டு உட்கார முடியாததோட கஷ்டம் லண்டன்காரருக்கு எப்படிங்க தெரியும்?

இப்போ காசு. கணக்குக்காக நானே ஓர் உதாரணம் போடுறேன். பழைய சிகிச்சைக்கு 40,000 ரூபாய், 5 குவாலி. புதுசுக்கு 1,00,000 ரூபாய், 5.5 குவாலி. கூடுதல் செலவு 60,000, கூடுதல் பலன் 0.5. ஆக, ஒரு குவாலிக்கு 1,20,000. இந்தியாவில் ஒரு குவாலிக்குத் தலா வருமானம் அளவுக்கு, அதாவது இரண்டு லட்சத்துக்குச் சற்று மேல் வரை செலவழிக்கலாம் என்பதைத்தான் பெரும்பாலும் வரம்பாக எடுத்துக்கிறாங்க. அந்த வரம்புக்குள் வந்தா ஓகே. அதே புது சிகிச்சை 2,00,000 ரூபாய் என்றால்? ஒரு குவாலிக்கு 3,20,000. தாண்டிடுச்சு. 'இரண்டு லட்சம்தான் வரம்புன்னா, சிகிச்சையோட விலையை 1,40,000-க்கு இறக்குங்க, அப்புறம் பேசலாம்' என்று கம்பெனிகிட்ட பேரம் பேச அரசுக்கு ஒரு பிடி கிடைக்குது பாருங்க, அதுதான் இந்தக் கணக்கோட பவர்.

இதில் ஒரு தந்திரமும் இருக்கு. புது சிகிச்சையின் 1,00,000-ஐ 5.5 ஆல் வகுத்து 'ஒரு குவாலிக்கு வெறும் 18,000 ரூபாய்தான்!' என்று விளம்பரம் பண்ணலாம். பார்க்க அள்ளும். ஆனா, தப்பு. எப்பவும் 'எதோட ஒப்பிட்டு?' என்றுதான் கேட்கணும். இந்த ஒரு கேள்வியைப் பிடிச்சுக்கிட்டீங்கன்னா வாட்ஸ்அப்பில் வர்ற பாதி மருத்துவச் செய்தி ஆட்டம் கண்டுடும்.

குவாலி மேல் கடுமையான விமர்சனமும் உண்டு. வயசானவங்களுக்கு மிச்சம் இருக்கிற வருஷம் குறைவு, அதனால் லாபமும் குறைவாகத்தான் காட்டும். மாற்றுத்திறனாளிகளோட வாழ்க்கையை 1-க்குக் குறைவா எண்ணுவதே நியாயமா என்ற கேள்வி இருக்கு. இந்தக் கவலையால்தான் அமெரிக்காவில் 2010-ல் வந்த சட்டம், குவாலிக்கு இத்தனை டாலர் என்ற வரம்பை வெச்சு முடிவெடுக்கக் கூடாது என்று அங்குள்ள ஆராய்ச்சி நிறுவனத்துக்குத் தடை போட்டது. 74 வயசு அம்மாச்சியைப் பக்கத்தில் வெச்சுக்கிட்டு இதைப் படிக்கும்போது எனக்கும் சுருக்குன்னுதான் இருந்தது. கணக்கை நம்புங்க, ஆனா கணக்கு மட்டுமே முடிவு இல்லைன்னு சொல்ற ஆசிரியர்களைத் தேடிப் படிங்க.

சரி, எங்கிருந்து ஆரம்பிக்கலாம்?

நான் தப்பான இடத்தில் ஆரம்பிச்சேன். நேரா ஒரு 40 பக்க ஆய்வுக் கட்டுரையைத் திறந்து, மூணாவது பாராவில் தூங்கிட்டேன். நீங்க அப்படிப் பண்ணாதீங்க.

முதலில் 'டெஸ்டிங் ட்ரீட்மென்ட்ஸ்' என்ற புத்தகம். இணையத்தில் முழுசா இலவசம். ஒரு சிகிச்சை நல்லதா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கணும், டாக்டர்கள் நல்லெண்ணத்தோட செஞ்ச விஷயங்கள்கூட எப்படித் தப்பாப் போச்சு என்பதைப் பொதுமக்களுக்காக எழுதியிருக்காங்க. இங்கிலீஷ்தான், ஆனா ரொம்ப எளிமையான இங்கிலீஷ். செலவுக் கணக்கு எதுவும் கிடையாது. அதனால்தான் இதை முதலில் வைக்கிறேன். வேலையே செய்யாத மருந்துக்கு விலைக் கணக்கு எதுக்கு?

அடுத்தது 'எச்.டி.ஏ 101'. கிளிஃபோர்ட் குட்மேன் என்பவர் எழுதினது. அமெரிக்கத் தேசிய மருத்துவ நூலகத்தின் தளத்தில் இலவசமா கிடைக்குது. பெயரிலேயே 101 இருந்தாலும் ஆள் கொஞ்சம் குண்டு. முழுசா படிக்கணும்னு அவசியமில்லை. அறிமுகப் பகுதியும், ஆதாரங்களை எப்படித் தரம் பிரிக்கிறது என்ற பகுதியும் போதும். மிச்சத்தை வேணுங்கிறப்போ போய்ப் பார்த்துக்கலாம்.

படிக்கும்போது பக்கத்து டேப்பில் 'எச்.டி.ஏ குளோசரி' தளத்தைத் திறந்து வெச்சுக்குங்க. இந்தத் துறையின் சர்வதேச அமைப்புகள் சேர்ந்து உருவாக்கின கலைச்சொல் அகராதி அது. ஒவ்வொரு வார்த்தைக்கும் ரெண்டு மூணு வரியில் விளக்கம். தமிழில் இப்படி ஒண்ணு தேடினேன், என் கண்ணில் படலை. மருந்தியலோ புள்ளியியலோ படிக்கிற யாராவது இதைப் படிச்சுக்கிட்டு இருந்தீங்கன்னா, லீவில் செய்ய அருமையான வேலை ஒண்ணு காத்திருக்கு!

கோர்ஸ், சர்டிஃபிகேட் என்று கேட்பவர்களுக்கு... சென்னை அயப்பாக்கத்தில் இருக்கிற ஐ.சி.எம்.ஆர் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம், மருத்துவ ஆராய்ச்சி பற்றிய அடிப்படைப் படிப்பை ஆன்லைனில் நடத்துது. மத்திய அரசின் ஸ்வயம் தளம் வழியா வீடியோ பார்க்கக் காசு இல்லை, தேர்வு எழுதி சர்டிஃபிகேட் வேணும்னா கட்டணம் உண்டு. மேற்படிப்பு படிக்கிற டாக்டர்கள் கட்டாயம் முடிக்க வேண்டிய கோர்ஸ் இது. நேரடியா எச்.டி.ஏ இல்லைதான். ஆனா, ஓர் ஆய்வை எப்படி வடிவமைக்கிறாங்க, சாம்பிள்னா என்ன, சார்பு எப்படி உள்ளே நுழையுது என்பதெல்லாம் தெரியாம எச்.டி.ஏ பக்கம் போனா, அரிச்சுவடி தெரியாம கடுதாசி எழுதப் போன கதைதான். இதோட, பல ஆய்வுகளை ஒண்ணா சேர்த்து அலசுற 'சிஸ்டமேட்டிக் ரிவ்யூ' பற்றி ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் கோர்ஸெராவில் ஒரு கோர்ஸ் வெச்சிருக்கு. அதையும் பாருங்க.

சீரியல் மாதிரி படிக்க ஒரு தளம்

எனக்கு ரொம்பப் பிடிச்ச 'பாடப்புத்தகம்' உண்மையில் பாடப்புத்தகமே இல்லை. இங்கிலாந்தின் 'நைஸ்' அமைப்போட தளம்.

1999-ல் தொடங்கின அமைப்பு. அந்த நாட்டு அரசு மருத்துவமனைகளில் எந்த மருந்துக்குக் காசு கொடுக்கலாம் என்று சொல்வதுதான் வேலை. முதல் வருஷமே சோதனை. ரெலன்ஸா என்ற ஃப்ளூ மருந்து வந்தது. காய்ச்சல் நாள்களில் ஏறக்குறைய ஒரு நாளைக் குறைக்கும், அவ்வளவுதான். 'இந்தக் குளிர்காலத்துக்கு வேண்டாம்' என்று நைஸ் சொல்லிடுச்சு. மருந்துக் கம்பெனி கொதிச்சுப்போய், நாட்டைவிட்டே போயிடுவோம்னு மிரட்டுற அளவுக்கு விஷயம் போச்சு. அரசு அசையலை. அடுத்த வருஷம் கூடுதல் ஆதாரம் வந்தப்போ, ஆபத்து அதிகமுள்ள நோயாளிகளுக்கு மட்டும் கொடுக்கலாம்னு நைஸ் தன் முடிவை மாத்திக்கிச்சு. 'ஆதாரம் வந்தா மாத்திக்குவோம்' என்பதை முதல் வருஷமே செஞ்சு காட்டினாங்க.

அந்தத் தளத்தில் ஒவ்வொரு மருந்துக்கும் கம்பெனி கொடுத்த ஆதாரம், அதை வெளி நிபுணர்கள் கிழிச்சுத் தொங்கவிட்டது, நோயாளிகள் வந்து பேசினது, வரைவு முடிவு, அதற்கு வந்த எதிர்ப்பு, கடைசி முடிவு என எல்லாமே பொதுவில் கிடைக்குது. ரகசிய விலைத் தள்ளுபடியை மட்டும் கறுப்பு மை பூசி மறைச்சிருப்பாங்க. உங்க வீட்டில் யாருக்காவது இருக்கிற ஒரு நோயைப் போட்டுத் தேடுங்க. சர்க்கரை, மார்பகப் புற்றுநோய், ஆஸ்துமா... எதுவாக இருந்தாலும் சரி. கோர்ட் டிராமா பார்த்த மாதிரி இருக்கும். ஒரு விஷயம் மட்டும் ஞாபகம் இருக்கட்டும், அங்கே வந்த முடிவை அப்படியே இங்கே பொருத்தக் கூடாது. அவங்க விலை வேற, வருமானம் வேற, ஆஸ்பத்திரி வேற.

நமக்கு நெருக்கமான உதாரணம் வேணும்னா தாய்லாந்து. அங்கே 'ஹிட்டாப்' என்ற அமைப்பு 2007-ல் இருந்து இயங்குது. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயைத் தடுக்கிற ஹெச்.பி.வி தடுப்பூசி வந்த புதுசில் 'இந்த விலைக்குக் கட்டுப்படியாகாது' என்று கணக்கு காட்டினாங்க. விலை இறங்குற வரைக்கும் பேசி, 2017-ல் பள்ளிச் சிறுமிகளுக்கு நாடு முழுக்கப் போட ஆரம்பிச்சாங்க. நடுவில் போன வருஷங்களை நினைச்சா எனக்கு இன்னும் உறுத்தலாத்தான் இருக்கு. அந்தச் சில வருஷங்களில் தடுப்பூசி கிடைக்காத பெண்களோட கணக்கையும் யாராவது எழுதணும் இல்லையா? வளரும் நாடுகளில் இந்தக் கணக்கைப் போடும்போது வர்ற சிக்கல்களுக்காகவே ஹிட்டாப் ஆட்கள் சேர்ந்து உருவாக்கின 'கியர்' என்ற இலவசத் தளம் இருக்கு. 'டேட்டாவே இல்லைன்னா என்ன பண்றது?' மாதிரியான நிஜப் பிரச்னைகளுக்கு அதில் பதில் தேடலாம்.

இந்தியா பக்கம் திரும்புவோம்

நம்ம நாட்டில் இந்த வேலைக்கு 'எச்.டி.ஏ இன் இந்தியா' என்ற அமைப்பு இருக்கு. மத்திய சுகாதார அமைச்சகத்தின் மருத்துவ ஆராய்ச்சித் துறையின் கீழ் வருது. மத்திய, மாநில அரசுத் துறைகள் கேள்வி கேட்கும். சென்னை காசநோய் நிறுவனம், திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரைத் திருநாள் நிறுவனம், சண்டிகர் பி.ஜி.ஐ போன்ற மையங்கள் ஆய்வு செய்யும். அதன் கையேடும் பல அறிக்கைகளும் துறையின் தளத்தில் இருக்கு. காசநோய் கண்டறியும் ட்ரூநாட் கருவி, குத்தினதும் தானே பூட்டிக்கிற பாதுகாப்பு சிரிஞ்ச், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ப் பரிசோதனை என எல்லாம் நம்ம பி.எச்.சி-யில் பார்க்கிற விஷயங்கள்தான். முழு அறிக்கைக்குப் போகாதீங்க. 'பாலிசி பிரீஃப்' என்று ரெண்டு, மூணு பக்கச் சுருக்கம் இருக்கும். அதிலிருந்து ஆரம்பிங்க.

சண்டிகர் குழுவோட ஆய்வு ஒண்ணைச் சொல்றேன். மார்பகப் புற்றுநோயில் ஒரு வகைக்குக் கொடுக்கிற ட்ராஸ்டுசுமாப் ஊசியை ஒரு வருஷம் முழுக்கக் கொடுத்தா, அப்போ இருந்த விலைக்கு வரம்பைத் தாண்டுது என்று 2020-ல் எழுதினாங்க. அதோட நிறுத்தலை. விலையை எவ்வளவு குறைச்சா உள்ளே வரும் என்றும் கணக்கு போட்டுக் காட்டினாங்க. 'வேண்டாம்' என்று சொல்றதுக்கும், 'இந்த விலைக்குன்னா வேணும்' என்று சொல்றதுக்கும் இடையில்தான் எத்தனையோ பேரோட சிகிச்சை இருக்கு. அதே குழு திரட்டின ஆஸ்பத்திரிச் செலவு விவரங்கள், ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டில் எந்தச் சிகிச்சைக்கு எவ்வளவு தொகை என்பதைத் திருத்தவும் பயன்பட்டிருக்கு.

அப்புறம், அந்த அமைப்போட ஆரம்பகால ஆய்வுகளில் ஒண்ணு எதைப் பற்றித் தெரியுமா? கண்புரை லென்ஸ்! ஆஸ்பத்திரி பெஞ்சில் அதைப் பார்த்தப்போ சிரிக்கிறதா அழுறதான்னு தெரியலை.

'இம்போர்ட்டடு' என்ற வார்த்தைக்கும் அப்போதான் பதில் கிடைச்சது. மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையைச் சேர்ந்த ஆரோலேப், 1992-ல் இருந்து இந்த லென்ஸை மதுரையிலேயே தயாரிக்குது, வெளிநாடுகளுக்கும் அனுப்புது. நாங்க இருந்த ஊரில் இருந்து பஸ்ஸில் போற தூரம்! ஆபரேஷன் முறைக்கும் ஆதாரம் இருக்கு. மெஷின் வெச்சு உடைச்சு எடுக்கிற முறையையும், தையல் போடாத சின்னக் கீறல் முறையையும் நேபாளத்தில் 108 பேரிடம் ஒப்பிட்டு 2007-ல் முடிவு வெளியிட்டாங்க. ஆறு மாசம் கழிச்சு ரெண்டு குழுவுக்கும் பார்வை நல்லாவே இருந்தது, பெரிய வித்தியாசம் இல்லை. கீறல் முறைக்கு சராசரியா 9 நிமிஷம், மெஷின் முறைக்குப் பதினைந்தரை. செலவும் கீறல் முறையில் ரொம்பக் குறைவு. இதை வெச்சு உங்க வீட்டுப் பெரியவங்களுக்கு நீங்களே முடிவெடுக்காதீங்க, ஒவ்வொரு கண்ணும் வேற, டாக்டர்கிட்ட கேளுங்க. 'விலை கூடினா பார்வை கூடும்' என்ற கணக்கு அவ்வளவு நேர் இல்லை என்பதைத்தான் சொல்றேன்.

கணக்கில் இறங்க ரெடியா?

இதுவரை சொன்னதெல்லாம் வாசகர்களுக்கு. பி.ஃபார்ம், ஃபார்ம்.டி, நர்சிங், புள்ளியியல், பொருளாதாரம் படிக்கிறவங்களுக்கு இது கரியராகவும் ஆகலாம். ஆய்வு மையங்களில் மட்டுமில்லை, மருந்துக் கம்பெனிகளும் அவங்களுக்கு வேலை செய்து கொடுக்கிற ஆலோசனை நிறுவனங்களும் 'ஹெல்த் எகனாமிக்ஸ்' தெரிந்தவர்களை எடுக்கிறாங்க. மேஜையின் இந்தப் பக்கம் இருந்து கேள்வி கேட்கலாம், அந்தப் பக்கம் இருந்து பதிலும் தயார் பண்ணலாம். எந்தப் பக்கம் என்பது உங்க முடிவு.

இந்தத் துறையில் எல்லாரும் கைகாட்டுற புத்தகம், டிரம்மண்டும் மற்றவர்களும் எழுதிய, மருத்துவத் திட்டங்களின் பொருளாதார மதிப்பீட்டு முறைகள் பற்றிய ஆக்ஸ்ஃபோர்டு பதிப்பு. 1987-ல் வந்தது, நாலாவது பதிப்பு 2015. விலை கையைக் கடிக்கும், கல்லூரி நூலகத்தில் முதலில் கேட்டுப் பாருங்க. படிக்கிறதைவிட செஞ்சு பார்க்கிறதுதான் ஒட்டும். எக்ஸெலில் 'நல்லா இருக்கார், நோயில் இருக்கார், இறந்துட்டார்' என்று மூணே மூணு கட்டம் போட்டு, ஒவ்வொரு வருஷமும் எத்தனை பேர் எந்தக் கட்டத்துக்கு நகர்றாங்கன்னு ஒரு மாதிரி போட்டுப் பாருங்க. மார்க்கோவ் மாடல் என்று பயமுறுத்துவாங்க, உள்ளே இருக்கிறது பரமபதம்தான். ஏணி, பாம்பு, கடைசிக் கட்டம். கை வந்துட்டா ஆர் மென்பொருளுக்குப் போகலாம். அது இலவசம். 'டார்த்' என்ற ஆய்வாளர் குழு அதற்கான பயிற்சிக் குறிப்புகளை இணையத்தில் திறந்தே வெச்சிருக்கு.

ஒரு கட்டுரை நம்பகமானதான்னு பார்க்க 'சியர்ஸ் 2022' என்ற சரிபார்ப்புப் பட்டியல் உதவும். 28 கேள்விகள். அதில் நான் முதலில் தேடுறது, 'யார் காசு கொடுத்தாங்க?' என்பதைத்தான். பத்திரிகைக்காரப் புத்தி!

இவ்வளவும் ஒரே வாரத்தில் முடிக்க முடியாது. எனக்கு மூணு மாசம் ஆச்சு, இன்னும் பாதிதான் முடிஞ்சிருக்கு. நீங்க இன்னிக்கு ராத்திரி ஒரே ஒரு பாலிசி பிரீஃபைத் திறந்து, 'எதோட ஒப்பிட்டாங்க?' என்ற வரியை மட்டும் கண்டுபிடிங்க. போனிலேயே படிக்கலாம்.

அம்மாச்சிக்கு இடது கண்ணிலும் புரை முத்திட்டு வருது. தை பொறந்ததும் ஆபரேஷன் வெச்சுக்கலாம்னு டாக்டர் சொல்லியிருக்கார். இந்தத் தடவை ஒரு துண்டுச்சீட்டு ரெடி பண்ணியிருக்கேன். 18,000 ரூபாய் லென்ஸோட ஒப்பிட்டா 34,000 ரூபாய் லென்ஸில் பார்வையில் என்ன வித்தியாசம், இல்லை கண்ணாடி போடுறதில் மட்டும்தான் வித்தியாசமா? அட்டையில் இல்லாத லென்ஸ் ஏதாவது உங்ககிட்ட இருக்கா? காப்பீட்டில் எது வரும்? இதையே அரசு மருத்துவமனையில் இலவசமா செஞ்சா எதை வைப்பாங்க? மாமாவும் மனப்பாடம் பண்ணிட்டார், சங்கிலியை இன்னும் மீட்கலையே!

சீட்டை அம்மாச்சிகிட்ட படிச்சுக் காட்டினேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "அதெல்லாம் இருக்கட்டும். நியூஸுல அடியில ஓடுற எழுத்து தெரியுமா, அதைக் கேளு" என்றார். முதல் கேள்வியாக அதைத்தான் எழுதி வெச்சிருக்கேன்.